துளைவெளி அதிகம் என்றால் எண்ணெய் வந்துவிடுமா?
பாறையில் துளைவெளி அதிகமாக இருந்தால் எண்ணெயும் தாராளமாக வரும் என்று கட்டுரையில் எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. துளைவெளி சொல்வது பாறைக்குள் இருக்கும் நுண்துளைகளில் இடம் எவ்வளவு என்பதை மட்டும்தான். எண்ணெய் கிணறு வரைக்கும் ஓடி வருமா என்பது ஊடுருவுதிறன், அதாவது பாறை திரவத்தைத் தன் வழியே ஓடவிடும் திறன், கையில் இருக்கிறது. வட கடலில் உள்ள நார்வேயின் எகோஃபிஸ்க் எண்ணெய் வயலையே பாருங்கள். 1969-ல் கண்டுபிடித்த அந்தச் சுண்ணப்பாறையில் துளைவெளி சில இடங்களில் 40 சதவீதம்கூட உண்டு. ஆனால் துளைகளை இணைக்கும் வாய்கள் மிகவும் குறுகல், பாறையின் சொந்த ஊடுருவுதிறன் சில மில்லிடார்சிதான் (ஊடுருவுதிறனை அளக்கும் அலகு), அதாவது மிகக் குறைவு. இயற்கையான விரிசல்கள்தான் அங்கே வழி விட்டன. அப்புறம், எண்ணெய் எடுக்க எடுக்க அழுத்தம் குறைந்து அந்த மென்மையான பாறை நசுங்கியது. கடல்தரையே தாழ்ந்துபோய், 1987-ல் எண்ணெய் எடுக்கும் கடல் மேடைகளைச் சுமார் 6 மீட்டர் உயர்த்த வேண்டி வந்தது. அதே நசுங்கல்தான் எண்ணெயைப் பிழிந்து வெளியே தள்ளவும் உதவியது என்பதைக் கட்டுரையில் சேர்த்திருக்கலாம்.