பிள்ளையார் இல்லாத அரசமரம்

(பாம்பன் தெற்குவாடி. கிழிந்த வலையை ஓரமாக ஒதுக்கிவிட்டு, மாரி ஒரு பழைய கவரை நீட்டுகிறார். வாங்குபவர் தங்கை வீட்டுக்காரர் சேகர், ஓய்வுபெற்ற தபால்காரர்.)

மாரி: மாப்பிள்ளை, இனி நான் கடலுக்குப் போகப் போவதில்லை. கோடீஸ்வரன் ஆகிவிட்டேன்.

சேகர்: ஏன், கூறல் மீன் மாட்டியதா?

மாரி: அதுக்கும் மேலே. அப்பாவின் டிரங்குப் பெட்டியில் கிடந்த ஸ்டாம்பு. தப்பாக அச்சடித்தது! அந்த மாதிரி ஸ்டாம்புக்குத்தான் வெளிநாட்டுக்காரன் கொட்டிக் கொடுக்கிறானாம்.

சேகர்: (கண்ணாடியை மாட்டி) இரண்டணா. இதில் என்ன தப்பு?

மாரி: அரசமரம் இருக்கு. அடியில் பிள்ளையார் எங்கே?

சேகர்: மச்சான், இது புத்தருக்கு ஞானம் வந்த போதி மரம். புத்த ஜெயந்திக்காக 1956 மே 24 அன்று வந்தது. அவர் மறைந்து 2500 வருஷம் என்று அந்த வருஷம் கொண்டாடினார்கள்.

மாரி: அப்போ புத்தரையும் காணோம்! இரண்டு தப்பு, இரண்டு கோடி!

சேகர்: ஆதியில் புத்தரை ஆளாகச் செதுக்க மாட்டார்கள். மரம், சக்கரம், பாதம், குடை இதெல்லாம்தான் அவர். இதோடு வந்த பதினாலணா ஸ்டாம்பில் குடையும் உண்டு.

மாரி: ரேஷன் கடையில் பையைப் போட்டு இடம் பிடிக்கிற மாதிரியா? சரி, அப்பா அந்தத் திருவிழாவைப் பார்த்திருக்கிறார். தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னார் போய், அங்கிருந்து கொழும்பு. தெருவெல்லாம் காகிதக் கூட்டு விளக்காம். பந்தல் போட்டு, போகிற வருகிறவனுக்கெல்லாம் சும்மாவே சோறாம்.

சேகர்: அதைத் தன்சல் என்பார்கள். பிறப்பு, ஞானம், மறைவு மூன்றுக்கும் ஒரே வைகாசிப் பௌர்ணமி.

மாரி: மூன்றுக்கும் ஒரே பந்தலா! என் மூன்று மகள்களுக்கும் அப்படி முடித்திருந்தால் எனக்கு ஏது கடன்?

சேகர்: கோடியை மறந்துவிடுங்கள். ஊருக்கெல்லாம் விற்ற ஸ்டாம்பு இது. மூலையில் ராமபாணப் பூச்சி வேறு பல்லைத் தின்றிருக்கு.

மாரி: ராமேஸ்வரத்துப் பக்கத்து ராமபாணம்! அதுக்கே தனி விலை உண்டே?

சேகர்: முத்திரையும் விழவில்லை. ஒட்டினவர் தபாலில் போடவே இல்லை. யாருக்கு எழுதியிருக்கிறார்... ‘சோலைமலை, தனுஷ்கோடி.’ அட, எங்கள் அப்பா!

மாரி: பிரியுங்கள், பிரியுங்கள்.

சேகர்: விலாசதாரருக்கு நான்தான் வாரிசு, பிரிக்கலாம். (படிக்கிறார்) ‘வள்ளம் வாங்க என்னிடம் வாங்கிய 300 ரூபாயை இந்த வைகாசிக்குள்...’ (சட்டென்று மடிக்கிறார்)

மாரி: என்ன நிறுத்திவிட்டீர்கள்?

சேகர்: எழுத்து மங்கலாக இருக்கு.

மாரி: ஸ்டாம்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கடுதாசியைக் கொடுங்கள். 1956-லிருந்து வட்டி போட வேண்டும்.

சேகர்: தபாலில் சேர்க்காத கடிதம் வந்து சேராத கடிதம், மச்சான். கணக்கில் வராது.

மாரி: அவ்வளவுதானே? இன்றைக்கே புது ஸ்டாம்பு ஒட்டி உங்கள் வீட்டுக்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புகிறேன். தங்கச்சி கையெழுத்துப் போட்டு வாங்கட்டும்.