'கிளான்' தூய கேலிக் சொல்லா?

ஸ்காட்லாந்துக் குடிகளைக் குறிக்கும் 'கிளான்' என்ற சொல் கேலிக் மொழியின் (அயர்லாந்திலிருந்து ஸ்காட்லாந்துக்குப் பரவிய மொழி) கலப்பற்ற சொல் என்றும், ரோமப் பேரரசு அயர்லாந்தை ஆளாததால் அதில் லத்தீன் கலந்திருக்க முடியாது என்றும் கூறப்படுவது தவறு. அயர்லாந்து ரோமர் ஆட்சிக்கு உட்படவில்லை என்பது உண்மையே. ஆனால் சொற்கள் படையோடு மட்டும் வருவதில்லை, பிரிட்டனுடனான தொடர்பும் கிறித்தவமும் அவற்றைக் கொண்டுவந்தன.

நாற்று, தளிர் ஆகிய பொருள்களையுடைய 'பிளான்டா' என்ற லத்தீன் சொல்லே இதன் மூலம். அக்காலத்து ஐரிஷ் மொழியில் 'ப' ஒலி இல்லாததால், முற்காலக் கடன்சொற்களில் அதன் இடத்தைப் பின்னர் 'க' ஆகிவிட்ட ஓர் ஒலி பிடித்தது. ஈஸ்டரைக் குறிக்கும் 'பாஸ்கா' 'காஷ்க்' ஆனதும், ஊதா நிறத்தைக் குறிக்கும் 'புர்புரா' 'கோர்குர்' ஆனதும் இவ்வாறே. 'ப' ஒலி இருந்த, பிரிட்டனின் வேல்ஸ் பகுதிக்குரிய வெல்ஷ் மொழியில் அதே லத்தீன் சொல் 'பிளான்ட்' என்றே நின்று, இன்றும் 'பிள்ளைகள்' எனப் பொருள்படுகிறது. இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை என்றே தோன்றுகிறது.

பழைய ஐரிஷில் இச்சொல்லுக்குச் செடி, பிள்ளைகள், வழித்தோன்றல்கள் ஆகிய பொருள்கள் இருந்தன. (வாழையடி வாழை என்னும் நமக்கு இந்தப் பொருள் நீட்சி வியப்பளிக்காது.) போர்க்குழு என்பது மூலப்பொருள் அன்று, இன்றைய ஐரிஷில் 'கிளான்' என்றால் ஒருவர் பெற்ற பிள்ளைகளே. 'குடி' என்ற பொருளில் ஆங்கிலம் அதை 15ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து கேலிக்கிலிருந்து எடுத்துக்கொண்டது.