‘அப்படியே மாட்டிக்கலாம்ணே’ன்னு சொல்லி ஹெடர் விக்கிறவய்ங்க கவனத்துக்கு

"ரெண்டு மணி நேர வேலண்ணே, பழச கழட்டுங்க, புதுச அப்படியே மாட்டிக்கலாம், ஒரு வெட்டு ஒட்டு கெடையாது." இதான் எனக்கு ஹெடர் வித்த ஆளு போன்ல சொன்ன வார்த்த. ஹெடர்ன்னா கம்பெனி மேனிஃபோல்டுக்குப் பதிலா மாட்டுறது, இன்ஜின்ல இருந்து பொகைய வெளிய கொண்டு வர்ற குழாய் செட்டு. அந்த ரெண்டு மணி நேரம் என்னோட மூணு ஞாயித்துக்கெழமைய முழுங்கிருச்சு. இன்னும் வயிறு எரியுது, அதான் எழுதுறேன்.

மொதல்ல ஒண்ணு சொல்லிர்றேன், ஏன்னா ஹெடர்ன்ன உடனே பைபாஸ் ரோட்டுல தடதடன்னு சத்தம் விட்டுக்கிட்டு போற பயலுக லிஸ்ட்ல நம்மளையும் சேத்துருவீங்க. நான் அந்த ஆளு இல்ல. எங்கிட்ட இருக்கது பழைய ஹோண்டா சிட்டி விடெக், எங்கப்பா வாங்குன வண்டி, மதுரை வில்லாபுரத்துல எங்க வீட்டு வாசல்லதான் நிக்கும். அதோட ஒரிஜினல் மேனிஃபோல்டு வார்ப்பிரும்பு, வருசக்கணக்கா சூடாகி ஆறி சூடாகி ஆறி குறுக்கால விரிசல் விட்ருச்சு. காலைல ஸ்டார்ட் பண்ணா டிக் டிக் டிக்ன்னு கேக்கும், சூடு ஏறுனதும் இரும்பு விரிஞ்சு விரிசல் மூடிக்கும், சத்தம் நின்னுரும். வெல்டிங் வச்சுப் பாத்தாச்சு. வார்ப்பிரும்ப நல்லா சூடேத்தி நிக்கல் ராடு போட்டு மெதுவா ஆற விட்டாத்தான் நிக்கும், அவசரத்துக்கு ஒட்டுனா பக்கத்துலயே இன்னொரு கோடு விழும், விழுந்துச்சு. புது ஒரிஜினல் எங்கிட்டும் கெடைக்கல. அதுக்கப்புறந்தான் ஹெடர் பக்கம் போனேன், அதுவும் சைலன்சர தொடாம, பொகைய சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அது இருக்க எடத்துலயே இருக்கும்னு ரெண்டு தடவ கேட்டு உறுதி பண்ணிட்டுத்தான் காசு போட்டேன். சத்தம், பொகை விசயத்துல மோட்டார் வாகனச் சட்டம் 190(2)ல 2019 திருத்தத்துக்கு அப்புறம் மொத தடவையே 10,000 ரூபா வரைக்கும் ஃபைன் இருக்குன்னு எனக்கும் தெரியும், அத வந்து சொல்ல வேணாம்.

14,500 ரூபா. "304 எஸ்எஸ்ண்ணே, துரு பிடிக்கவே பிடிக்காது"ன்னான். 304ன்னா காந்தம் பெருசா ஒட்டாத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பார்சல பிரிச்சதும் பாப்பாவோட ஃபிரிட்ஜ் காந்தத்த எடுத்து குழாய்ல வச்சேன், பட்டுன்னு ஒட்டுச்சு. 304ல வளைச்ச எடத்துல லேசா இழுவ இருக்கும்தான், ஆனா இப்படி நேரா இருக்க எடத்துலயும் போய் கவ்வாது. இது 409ங்கற காந்தம் ஒட்டுற ரகமா இருக்கலாம், கம்பெனி சைலன்சர்லயே 409 போடுவாங்க, மோசமான இரும்புன்னு நான் சொல்ல வரல. 409ன்னு சொல்லி 409 வெல வாங்குனா நான் ஏன்டா பேசப் போறேன்?

அடுத்து ஃபிளேஞ்ச். இன்ஜின் ஹெட்டோட போய் ஒட்டுற தகடு. இந்த தகடு மட்டம் இல்லன்னா மத்தது எல்லாமே வீண். ஸ்டீல் ஸ்கேல அதுமேல நிறுத்தி பின்னாடி செல்போன் டார்ச் அடிச்சேன், வாழப்பழம் மாதிரி வளைஞ்சு கெடக்கு. நடுவுல வெளிச்சம் வருது, ரெண்டு ஓரத்துல இல்ல. எடவெளி அளக்குற 0.50 மில்லி ஃபீலர் கேஜ் தகடு தடையே இல்லாம உள்ள போயிட்டு வருது. வெல்டு வைக்கும்போது தகட்ட அசையாம பிடிக்கிற கனமான அச்சுல, அதாவது ஜிக்ல, இறுக்கிப் பிடிச்சு, மாத்தி மாத்தி சின்னச் சின்னதா வச்சா இது நடக்காது. ஒரே மூச்சுல ஒரு ஓரத்துல இருந்து இழுத்துக்கிட்டே போயிருக்கான், சூட்டுல தகடு சுருண்டுருச்சு. அதுக்கு மேல பஃப் போட்டு பளபளன்னு ஆக்கி பிளாஸ்டிக் கவர்ல போட்டு அனுப்பிட்டான்.

குழாய் நீளத்தையும் நூல் பிடிச்சு அளந்தேன். இது 4-2-1 ஹெடர், நாலு குழாய் ரெண்டாகி ரெண்டு ஒண்ணாகும். 1-3-4-2ன்னு வெடிக்கிற இன்ஜின்ல 1ம் 4ம் ஒரு சோடி, 2ம் 3ம் ஒரு சோடி, ஒரு சிலிண்டர் தள்ளுன பொகையோட இழுப்புல அடுத்த சிலிண்டர் பொகையும் சுலபமா வெளிய வரணும். அதுக்கு நாலு குழாயும் நீளத்துல ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகணும். இங்க ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் நாலு விரக்கடை வித்தியாசம். எந்த கணக்குல வளைச்சானோ.

சரி, வந்தது வந்துருச்சு, கழட்டுற வேலையப் பாப்போம்னு மொத ஞாயிறு எறங்குனேன். கழட்டுறதுல நான் ஒரு குறுக்கு வழியும் போகல. மொத நாள் ராத்திரியே எல்லா நட்டுக்கும் ஊடுருவுற ஆயில் அடிச்சு ஊற விட்டேன், 12 பாயிண்ட் சாக்கெட் போட்டா நட்டு மூல மழுங்கிரும்னு 6 பாயிண்ட் சாக்கெட்தான் போட்டேன். அப்படியும் ஓரத்துல ஒரு ஸ்டட், ஹெட்டுல இருந்து நீட்டிக்கிட்டு நிக்கிற மரை போட்ட கம்பி, படக்குன்னு முறிஞ்சது, ஹெட்டோட மட்டத்துக்கு. பழைய வண்டி, அது யார் தப்பும் இல்ல. கப்பலூர் தொழிற்பேட்டை பக்கம் லேத் வச்சிருக்க அண்ணன் வீட்டுக்கே வந்து, இன்ஜின கண்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர், ஈசியூ, போயிரக் கூடாதுன்னு பேட்டரிய கழட்டி வச்சிட்டு, முறிஞ்ச துண்டு மேல ஒரு நட்ட வச்சு உள்ளுக்குள்ள வெல்டு நெரப்புனாரு. ஹெட்டு அலுமினியம், அதுல இந்த வெல்டு ஒட்டாது, ஸ்டட்ல மட்டும் ஒட்டும். சிவப்பா இருந்தது கொஞ்சம் ஆறட்டும்னு நின்னு, ஸ்பேனர போட்டு கொஞ்சம் முன்ன கொஞ்சம் பின்னன்னு ஆட்டி ஆட்டி எடுத்தாரு பாருங்க, துருப் பொடி கொட்டக் கொட்ட முழு ஸ்டட்டும் கையோட வந்துச்சு. அந்த ஒரு கால் மணி நேரந்தான் இந்த மூணு வாரத்துல மனசுக்கு நெறைஞ்ச நேரம். வேல தெரிஞ்சவன் கைன்னா அது கை.

இப்ப புதுச தூக்கி வைக்கணும். வைக்கிறேன், ஓட்டை சேரல. இந்த ஓரம் ஸ்டட்ல ஏறுனா அந்த ஓரம் ரெண்டு மில்லி தள்ளி நிக்குது. அரத்த எடுத்து ராவு ராவுன்னு ராவி ஓட்டைய முட்ட வடிவத்துக்கு கொண்டு வந்து ஏத்துனா, கீழ குழாயெல்லாம் ஒண்ணா சேர்ற கலெக்டர், வண்டிக்கு அடியில குறுக்கால போற கிராஸ் மெம்பர் சட்டத்துல இடிக்கிது. ஒரு விரல் எடவெளி கூட இல்ல, தொட்டுக்கிட்டே நிக்குது, இன்ஜின் ஆடுனா அடிக்கும். ஓ2 சென்சார், அதாவது பொகையில இருக்க ஆக்சிஜன அளக்குற சாமான், போடுற எடம் இன்னும் கொடும. M18x1.5 மரை, பெரும்பாலான கார்ல அதுதான், அதக்கூட ஒழுங்கா வெட்டல. கையால ரெண்டு சுத்து கூட போகாம கோணலா கடிக்கிது. தெரியாத பய ஸ்பேனர போட்டு இறுக்கியிருந்தா பல ஆயிரம் ரூபா சென்சாரு அன்னைக்கே காலி. ஹெட்டுக்கும் ஃபிளேஞ்சுக்கும் நடுவுல கசியாம இருக்கப் போடுற கேஸ்கட்டுன்னு கூட வந்தது ஒரு சாம்பக் கலர் அட்டை, கையில பிடிச்சா உதிருது. ஸ்டட் நட்டு ஒண்ணும் கெடையாது.

உடனே போன் போட்டேன். போட்டோ, வீடியோ, ஃபீலர் கேஜ் உள்ள போறது எல்லாம் அனுப்புனேன். பதில் என்னன்னு கேளுங்க. "அண்ணே நீங்க வீட்ல வச்சா போட்டீங்க? அப்ப வாரண்டி வராதுண்ணே. மெக்கானிக்க வச்சு போட்டிருக்கணும். கொஞ்சம் லீக் இருந்தா சிலிக்கான் பேஸ்ட் தடவிக்கோங்க, சரியாயிரும்."

அந்த எடத்துலதான் எனக்கு ரத்தம் கொதிச்சது. வளைஞ்சு வந்த தகடு மெக்கானிக் கையில போனா நிமிந்துருமா? ஓட்டை ரெண்டு மில்லி நகந்து வந்து உக்காருமா? நான் வீட்ல போட்டேன்ங்கறதுக்கும் நீ மரை வெட்டத் தெரியாம அனுப்புனதுக்கும் என்னய்யா சம்பந்தம்? அதுவும் சிலிக்கான் தடவச் சொல்றான், இன்ஜின்ல இருந்து நெருப்பா வர்ற பொகைக்கு முன்னாடி அந்த பேஸ்ட்டு எத்தன நாள் நிக்கும்?

லீக்குன்னா சத்தம் மட்டும்தான்னு நெனைக்கிறாய்ங்க. ஓ2 சென்சாருக்கு முன்னாடி ஓட்டை இருந்தா பொகை வெளிய போறதோட நிக்காது, பொகை ஒவ்வொரு தடவ அடிக்கிறதுக்கு நடுவுலயும் வெளிக்காத்த உள்ள இழுக்கும். சென்சாரு அந்த காத்தப் பாத்துட்டு பெட்ரோல் கம்மியா போகுதுன்னு சொல்லும், ஈசியூ அத நம்பி கூடுதலா ஊத்தும், மைலேஜ் போச்சு. அதாச்சும் காசு. இன்ஜின் அறைக்குள்ள கசியிற பொகை ஏசி காத்து உள்ள எடுக்குற வழியா வண்டிக்குள்ள வரலாம், அதுல இருக்க கார்பன் மோனாக்சைடுக்கு நெறமும் கெடையாது வாசமும் கெடையாது, தல வலிக்கும், தூக்கம் வரும், அம்புட்டுத்தான், அதுக்கப்புறம் என்ன வேணா நடக்கும். பின் சீட்டுல எம் பொண்ணு தூங்கிக்கிட்டு வருவா. ராத்திரி கொடைக்கானல் எறங்கி வர்றப்ப கண்ணாடிய ஏத்தி விட்டுட்டு வர்றோம். அவ மூச்சுக்காத்துக்கு நான் சிலிக்கான் பேஸ்ட்டு தடவணுமாம்.

திருப்பி எடுத்துக்கன்னா "ஓட்டைய ராவிட்டீங்களேண்ணே"ங்கறான். ராவாம எப்படிடா தெரியும் கீழ இடிக்கிதுன்னு?

கடைசில எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு திருநகர் தாண்டி கப்பலூருக்கே போனேன். அண்ணன் ஃபிளேஞ்ச சர்ஃபேஸ் கிரைண்டிங்ல போட்டு மட்டம் எடுத்து, கலெக்டர்கிட்ட வெட்டி கோணத்த மாத்தி திரும்ப வெல்டு வச்சு, சென்சார் மரைய டேப் விட்டு சுத்தம் பண்ணி, 4,200 ரூபா வாங்குனாரு, அதுல ஒரு ரூபா கூட எனக்கு வருத்தம் இல்ல. அடுக்குத் தகடு கேஸ்கட்டு, M8 ஸ்டட், நட்டு எல்லாம் தனியா வாங்குனேன். நடுவுல இருந்து ஓரத்துக்கு, மூணு தடவையா கொஞ்சங் கொஞ்சமா ஏத்தி, இறுக்குற அளவு காட்டுற டார்க் ரென்ச்சுல 31 நியூட்டன் மீட்டர் வச்சு முடிச்சேன். ஓடவிட்டு ஆறுனதுக்கு அப்புறம் மறுபடி ஒரு தடவ செக் பண்ணேன். இப்ப காலைல ஸ்டார்ட் பண்ணா டிக் டிக் இல்ல.

ஆக, மாட்ட முடியும். வீட்டு வாசல்லயே மாட்ட முடியும். அந்த மாடல் வண்டி ஒண்ண நிறுத்தி ஒரு தடவ மாட்டிப் பாத்துட்டு ஜிக் செஞ்சிருந்தா அவனாலயும் இத சரியா அனுப்பியிருக்க முடியும். மாட்டியே பாக்காத சாமானுக்கு "அப்படியே மாட்டிக்கலாம்"ன்னு எந்த வாயால சொல்றான்? வாங்கப் போறவங்க காசு போடுறதுக்கு முன்னாடி ஃபிளேஞ்சு மேல ஸ்கேல் வச்சு ஒரு வீடியோ, காந்தம் வச்சு ஒரு வீடியோ கேளுங்க. அனுப்ப மாட்டேன்னா போன வச்சிருங்க.

கப்பலூர் பில்லு, கேஸ்கட்டு பில்லு, ஸ்டட் பில்லு மூணையும் போட்டோ எடுத்து அந்த ஆளுக்கு அனுப்பி, இந்த காச நீ குடுன்னு கேட்டேன். ரெண்டு நீல டிக் விழுந்து நாலு நாளாச்சு. இன்னைக்கு காலைல வேற ஒரு வண்டிக்கு அதே ஹெடர் போட்டோவ ஸ்டேட்டஸ்ல வச்சிருக்கான், கீழ ‘அப்படியே மாட்டலாம்’ன்னு எழுதி.