தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கினால் ஹீட் குறையாது

முழு லோடோடு ஏற்றம் ஏறும்போது லாரி ஹீட் ஆகிறது என்று கொண்டுபோனால், பல பட்டறைகளில் முதல் வேலையே, தண்ணீரின் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசுவதுதான். "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்குங்க?" என்பார்கள். இந்தப் பழக்கம் நிற்க வேண்டும். நல்ல இன்ஜின்கள் வீணாகின்றன.

இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் ஏறத்தாழ 82 டிகிரி சூடாகும்வரை ரேடியேட்டர் வழியை அடைத்து வைப்பது தெர்மோஸ்டாட்டின் ஒரு வேலை. இன்னொன்றும் உண்டு. பெரும்பாலான லாரி இன்ஜின்களில் அது திறக்கும்போதே அடியிலுள்ள தட்டு பைபாஸ் வழியை (ரேடியேட்டரைத் தொடாத குறுக்கு வழி) மூடிவிடும். கழற்றிவிட்டால் பைபாஸ் திறந்தே கிடக்கும். இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டிலிருந்து வரும் சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் வாட்டர் பம்புக்குத் திரும்பும். சமதளத்தில் ஹீட் கேஜ் முள் கீழேயே நிற்பதால் கோளாறு தீர்ந்த மாதிரி தெரியும். சேலத்திலிருந்து தருமபுரிக்கு லோடோடு தொப்பூர் கணவாய் ஏறினால் பழைய ஹீட் திரும்ப வந்துவிடும். சமதளத்திலும் நஷ்டம்தான். சூடு ஏறாத இன்ஜினில் டீசல் முழுதாக எரியாது, பிஸ்டன் ஓடும் உருளையான லைனர் தேயும், ஆயிலில் கசடு கட்டும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 (புகை மாசு விதி) வண்டிகளில் புகை வடிகட்டி தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளவும் அந்தச் சூடு வேண்டும்.

தெர்மோஸ்டாட்மேல் சந்தேகம் இருந்தால் சட்டியில் தண்ணீர் ஊற்றி, தெர்மாமீட்டரோடு கொதிக்கவையுங்கள். மேலே பொறித்த டிகிரியில் திறக்கத் தொடங்கி, ஏறத்தாழ 95-இல் முழுதாகத் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் புதிது போடுங்கள், காலியாக விடாதீர்கள்.

ஹீட் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க ஒரு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் போதும். பளபளக்கும் அலுமினியத்தில் அது குறைத்துக் காட்டும். கறுப்பு டேப் ஒட்டி அதன்மேல் அளக்கவும். வண்டி ஹீட்டில் இருக்கும்போது ரேடியேட்டரின் மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் அளந்து பாருங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சூடு என்றால் தண்ணீர் ஓடுகிறது, காற்றுப் பக்கம் சரியில்லை. 20 டிகிரிக்கு மேல் வித்தியாசம் என்றால் தண்ணீர் ஓட்டம் குறைவு: தேய்ந்த பம்பு இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சக்கரம்), தளர்ந்த பெல்ட், சுண்ணாம்பு அடைத்த குழாய்கள், அல்லது ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் கீழ் ஹோஸ்.

காற்றுப் பக்கத்தில் எல்லாரும் தவறவிடுவது இன்டர்கூலருக்கும் (டர்போ காற்றை ஆறவைப்பது) ரேடியேட்டருக்கும் நடுவிலுள்ள சந்து. முன்னாலிருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும். உள்ளே பஞ்சும் வைக்கோலும் எண்ணெய்ப் பசையும் மெத்தை போலக் கிடக்கும். இன்டர்கூலரைத் தள்ளிவைத்து, இன்ஜின் பக்கத்திலிருந்து வெளியே தள்ளும்படி மெதுவான அழுத்தத்தில் தண்ணீர் அடியுங்கள். வாட்டர் சர்வீஸ் கன்னைக் கிட்டே வைத்து அடித்தால் ஃபின் (மெல்லிய தகடுகள்) மடங்கும், காற்று நின்றேபோகும். ஃபேன் கூண்டு உடைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். கூண்டு இல்லாத ஃபேன் அதே காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கும்.

ரேடியேட்டர் மூடி சின்னப் பொருள்தான், ஆனால் 1 பார் அழுத்தத்தை மூடி தாங்கினால் தண்ணீர் 120 டிகிரியில்தான் கொதிக்கும். ஸ்பிரிங் தளர்ந்தால் 100-இலேயே கொதித்து, ஹெட்டுக்குள் ஆவி கட்டி, ஹெட்டில் விரிசல் விழும்.

கூலன்ட் டேங்கில் குமிழி வந்தால் உடனே ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று இன்ஜினைப் பிரிக்காதீர்கள். பிரேக்குக்குக் காற்று நிரப்பும் ஏர் கம்ப்ரஸரின் ஹெட்டையும் இதே தண்ணீர்தான் குளிர்விக்கிறது. அதன் கேஸ்கட் போனாலும் காற்று உள்ளே வரும். ஏர் டேங்க் நிறைந்து கம்ப்ரஸர் லோடு விட்டதும் (காற்றை அழுத்துவதை நிறுத்தியதும்) குமிழி நின்றால் கோளாறு கம்ப்ரஸரில். நிற்காவிட்டால்தான் ஹெட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

போர் தண்ணீர் ஊற்றவே கூடாது. தனித் தண்ணீர் சூட்டை அதிகம் சுமக்கும் என்பது உண்மை. ஆனாலும் கூலன்ட் வேண்டும், ஏனென்றால் அதிலுள்ள மருந்து இல்லாவிட்டால் லைனர் அதிர்வில் உண்டாகும் குமிழிகள் வெடித்து வெளிச்சுவரில் ஊசித் துளை போடும். கனிமம் நீக்கிய தண்ணீரும் கூலன்ட்டும் சரிபாதி. நிறம் ஒத்திருக்கிறது என்று இரண்டு வகையைக் கலக்காதீர்கள்.

இனி ஆயில். இதை யாரும் அளப்பதே இல்லை, எனக்கு அதுதான் பெரிய வருத்தம். லோடில் ஆயில் தண்ணீரைவிட 10 முதல் 20 டிகிரி கூடுதலாக இருப்பது இயல்பு. இரண்டும் சேர்ந்து ஏறினால் கோளாறு ரேடியேட்டர் பக்கம். தண்ணீர் 88-இல் நிற்க, ஆயில் மட்டும் 120-ஐத் தாண்டினால் ஆயில் கூலர் அடைத்திருக்கிறது. ஆயில் சூடு 10 டிகிரி கூடினால் அது கெட்டுப்போகும் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். சம்ப்பில் (அடியிலுள்ள ஆயில் தொட்டி) ஒரு சென்சார் போட்டு கேஜ் வைப்பது பெரிய செலவில்லை. சூட்டில் பிரஷர் குறைகிறது என்று 15டபிள்யூ-40 ஆயிலை விட்டு அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றினால் கேஜ் முள் மட்டும்தான் ஏறும். உராய்வும் சூடும் கூடும். டிப்ஸ்டிக் மேல்கோட்டைத் தாண்டி ஊற்றினாலும் கிராங்க் அடித்து நுரைத்து ஹீட் ஆகும். ஆயில் கூலரின் உட்பகுதியான கோரில் ஓட்டை இருந்தால் ஓடும்போது ஆயில் தண்ணீருக்குள் போகும், நிறுத்திய பிறகு தண்ணீர் சம்ப்புக்குள் இறங்கும். இரண்டு பக்கமும் பாருங்கள்.

ஏற்றத்தில் பெரிய கியரில் திணறவிடாமல் ஒரு கியர் குறைத்து ஏறுங்கள். ஆர்பிஎம் இருந்தால்தான் பம்பும் ஃபேனும் ஓடும். ஹீட் ஏறினால் ஓரங்கட்டி, தண்ணீரும் பெல்ட்டும் சரியாக இருந்தால் நியூட்ரலில் 1000 ஆர்பிஎம்மில் சில நிமிடம் ஓடவிடுங்கள். தண்ணீர் கொட்டியிருந்தால் உடனே ஆஃப். ஆறும்வரை மூடியைத் தொடாதீர்கள், சூடான ஹெட்டில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள். மறுபடி நிரப்பும்போது உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றும் ஏர் ஸ்க்ரூவைத் திறந்து மெதுவாக ஊற்றி, குமிழி இல்லாமல் தண்ணீர் வந்ததும் மூடுங்கள். தெர்மோஸ்டாட் திறக்கும்வரை ஓட்டி, ஆறவிட்டு, மட்டம் இறங்கியிருந்தால் திரும்ப ஊற்றுங்கள்.