உண்மை விளக்கம்: ‘பேக்கப்’ என்று எழுதினால் மட்டும் மாற்று சர்வர் வேலைக்கு வராது

செங்கோட்டை, புனலூர் பக்கத்து நெட்வொர்க் பணியாளர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஹெச்ஏபிராக்ஸி (வரும் கோரிக்கைகளை சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் மென்பொருள்) பற்றி ஒரு செய்தி சுற்றுகிறது: “ஹெச்ஏபிராக்ஸி அமைப்புக் கோப்பில் சர்வர் வரியின் கடைசியில் ‘பேக்கப்’ போட்டால் போதும்; மெயின் சர்வர் விழுந்த நொடியே அது ஏற்றுக்கொள்ளும்.” இது தவறு.

மெயின் சர்வர் வரியில் ‘செக்’ (சர்வர் ஓடுகிறதா என்று அவ்வப்போது சோதிக்கச் சொல்லும் சொல்) இல்லாவிட்டால், அது செத்துக் கிடந்தாலும் நன்றாக ஓடுவதாகவே ஹெச்ஏபிராக்ஸி எடுத்துக்கொள்ளும். பேக்கப்புக்கு முறையே வராது. ‘செக்’ இருந்தாலும் உடனே மாறாது: அமைப்பை மாற்றாமல் விட்டால் 2 வினாடிக்கு ஒரு சோதனை, தொடர்ந்து 3 தோல்வி கண்டால்தான் மாறும். அதற்குச் சுமார் 6 வினாடி. பதில் வராமல் தொங்கினால் இன்னும் கூடும்.

பலர் வழுக்குவது இங்கேதான். வெறும் ‘செக்’ போர்ட்டில் இணைப்பு கிடைக்கிறதா என்று மட்டுமே பார்க்கும். டேட்டாபேஸ் விழுந்து பக்கமெல்லாம் 500 பிழை காட்டினாலும் சர்வர் நலம் என்றே கணக்கு! பக்கத்தைக் கேட்டு அதன் பதிலைப் பார்க்கும் ‘ஆப்ஷன் ஹெச்டிடிபிசெக்’ சேர்த்து, டேட்டாபேஸைத் தொடும் ஒரு முகவரியைக் கொடுத்தால்தான் பிடிபடும்.

பேக்கப் இரண்டு வைத்தாலும் முதலாவதுதான் ஓடும். இரண்டும் சேர்ந்து சுமக்க ‘ஆப்ஷன் ஆல்பேக்கப்ஸ்’ வேண்டும்.

ஹெச்ஏபிராக்ஸியின் அதிகாரப்பூர்வக் கையேட்டில் இந்தச் சொற்களைத் தேடிப் பாருங்கள். கூட்டம் இல்லாத நேரத்தில் மெயினை நிறுத்தியும் பார்க்கலாம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் ஃபார்வர்டு செய்ய வேண்டாம்.