சொந்தக் காருக்கும் எஃப்.சி. வேண்டும்

உலகில் இதுவரை மனிதர்கள் ஓட்டிய கார்களில் மிக ஆபத்தானவை எவை என்ற பேச்சு வந்தால், அமெரிக்காவின் செவர்லே கார்வேரும் ஃபோர்டு பின்டோவும் முதல் வரிசையில் வந்து நிற்கும். அந்தப் பெயர் அவற்றுக்குச் சும்மா கிடைக்கவில்லை. ஆயினும், தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் விபத்துக்குள்ளான வாகனங்களைக் காப்பீட்டு நிறுவனங்களுக்காகப் பார்வையிட்டு அறிக்கை எழுதும் சர்வேயராக நெடுங்காலம் பணியாற்றிவரும் எனக்கு, நம் சாலைகளில் ஓடும் மிக ஆபத்தான கார்கள் தொழிற்சாலையில் உருவாகின்றன என்று இப்போது தோன்றவில்லை. ஷோரூமை விட்டு வெளியே வந்த பிறகு, ஆக்சஸரீஸ் கடையிலும் பஞ்சர் கடையிலும் வீட்டு வாசலிலும்தான் அவை அப்படி ஆகின்றன. அவ்வாறு ஆகிவிட்டதா என்று பார்க்கும் பொறுப்பு, எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றுச் சோதனை சொந்தக் காருக்கு வரும் வரை, 15 ஆண்டுகளுக்கு எவருக்கும் இல்லை என்பதுதான் என் கவலை.

கார்வேரின் கதையை ஆங்கிலத்தில் பலர் சொல்லியிருந்தாலும், அதில் ஒரு சிறு செய்தி எனக்கு எப்போதும் முக்கியமாகப் படுகிறது. 1960 மாடலாக வந்த அந்தக் காருக்கு எஞ்சின் பின்புறம் இருந்தது. எடையும் பின்னால்தான் அதிகம். பின்சக்கரங்களைத் தாங்கிய அமைப்போ, வேகமாகத் திரும்பும்போது சக்கரம் உள்வாக்கில் மடங்க இடம் கொடுக்கும் வகையைச் சேர்ந்தது. அதைக் கட்டுப்படுத்த, வண்டி சாய்வதைக் குறைக்கும் ஒரு கம்பியை முன்புறம் சேர்த்திருக்கலாம். அதற்குப் பதிலாக, முன் டயரில் 15, பின் டயரில் 26 என்று காற்றின் அளவைப் பெரிய வித்தியாசத்துடன் வைத்துக்கொள்ளும்படி வாங்கியவருக்குச் சொல்லிவிட்டார்கள். ஆக, அந்தக் கார் திருப்பத்தில் நிலைகொள்வது பெட்ரோல் பங்கில் காற்றடிக்கும் ஒருவரின் கையில் விடப்பட்டது. நான்கு சக்கரத்துக்கும் ஒரே அளவு அடித்துவிட்டால், வண்டி வேறு வண்டியாகிவிடும். 1964 மாடலில் அந்தக் கம்பி வந்தது; 1965 மாடலில் பின்புற அமைப்பே மாற்றப்பட்டது. ரால்ஃப் நேடர் என்ற வழக்கறிஞர் 1965-இல் வெளியிட்ட நூலில் இதை எழுதியபோது, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் அவருக்குப் பின்னால் துப்பறிவாளர்களை அனுப்பியது. அது வெளியே தெரிந்து, 1966 மார்ச்சில் நிறுவனத்தின் தலைவரே செனட் குழுவின் முன் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. அதே ஆண்டில் அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

1972-இல் அந்நாட்டு அரசு அமைப்பு வெளியிட்ட ஆய்வறிக்கை, கார்வேர் தன் காலத்து மற்றக் கார்களைவிட மோசமானதில்லை என்று கூறியதையும் நான் அறிவேன். அதைப் படித்த பிறகும் என் எண்ணம் மாறவில்லை. காற்றின் அளவு தவறினால் குணம் மாறிவிடும் ஒரு காரை, அந்த அளவைச் சரிபார்க்க ஓர் ஏற்பாடும் செய்யாமல் லட்சக்கணக்கானவர்களுக்கு விற்றது தவறுதான். பின்டோவின் தவறு இதைவிட வெளிப்படையானது. பெட்ரோல் டேங்க் பின் அச்சுக்கும் பம்பருக்கும் நடுவே இருந்தது. பின்னால் இன்னொரு வண்டி மோதினால் டேங்க் நசுங்கித் தீப்பற்றக்கூடும். 1978-இல் சுமார் 15 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்து, ஒரு பிளாஸ்டிக் தடுப்பையும் நீளமான நிரப்புக் குழாயையும் பொருத்தினார்கள். அவ்வளவு எளிய வேலைக்காகப் பலர் உயிரை விட வேண்டியிருந்தது.

நம் நாட்டுக் கார்களும் பல ஆண்டுகள் தொழிற்சாலையிலிருந்தே குறையோடுதான் வந்தன. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு ஆல்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ ஆகியவற்றின் ஏர்பேக் இல்லாத மாடல்களை 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுப் பார்த்தபோது, பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்தும் பூஜ்ஜிய நட்சத்திரம் பெற்றன. அதே போலோ, முன்புறம் இரண்டு ஏர்பேக் பொருத்தியதும் நான்கு நட்சத்திரம் பெற்றது. அதன் பிறகு நிலைமை மாறிவிட்டதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். 2019 ஜூலை முதல் ஓட்டுநர் ஏர்பேக்கும், பெல்ட் போடாவிட்டால் ஒலிக்கும் எச்சரிக்கையும், 80 கிலோமீட்டரைத் தாண்டினால் ஒலிக்கும் எச்சரிக்கையும் கட்டாயமாயின. 2023 அக்டோபரில், கார்களை மோதவிட்டு நட்சத்திரம் கொடுக்கும் நம் நாட்டுத் திட்டமான பாரத் என்கேப் நடைமுறைக்கு வந்தது. கார் வாங்க வரும் நம் ஊர் விவசாயி ஒருவர், மைலேஜைக் கேட்ட கையோடு "எத்தனை ஸ்டார்?" என்றும் கேட்கிறார். இது பெரிய மாற்றம்.

ஆனால் அவர் பணம் கொடுத்து வாங்கிய அந்தப் பாதுகாப்பு, வண்டி வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் பாதி கழற்றப்பட்டுவிடுகிறது.

இதன் தொடக்கத்தை நான் ஆம்னி வேன்களில் பார்த்தேன். 1984-இல் மாருதி வேனாக வந்து, 2019 வரை தயாரிப்பில் இருந்த அந்த வண்டி நம் மாவட்டங்களில் செய்யாத வேலை இல்லை. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றியது, பாலக்கோட்டிலிருந்து தக்காளிக் கூடை ஏற்றியது, ஆம்புலன்ஸாக ஓடியது, மேல்மருவத்தூருக்கும் திருப்பதிக்கும் குடும்பம் குடும்பமாக அழைத்துச் சென்றது. அதன் அமைப்பிலேயே குறை உண்டு: எஞ்சின் முன் இருக்கைக்கு அடியில் இருந்ததால், ஓட்டுநரின் முழங்காலுக்கும் எதிரே வரும் வண்டிக்கும் நடுவே ஒரு தகடும் இரண்டு விளக்குகளும்தான். இருந்தாலும் அந்த வண்டியை உண்மையில் வெடிபொருளாக்கியது கேஸ் விஷயத்தில் செய்த கைவேலைதான். முறையாகப் பொருத்தப்பட்ட ஆட்டோ கேஸ் டேங்கில் 80 சதவீதத்துக்கு மேல் நிரம்பாதபடி தடுக்கும் வால்வு உண்டு. குழாய் அறுந்தால் ஓட்டத்தை நிறுத்தும் ஏற்பாடும் உண்டு. அதை விட்டுவிட்டு, சமையலறையின் 14.2 கிலோ சிலிண்டரைத் தலைகீழாகக் கவிழ்த்து, சிறு மோட்டார் வைத்து டேங்குக்கு மாற்றினார்கள். சிலர் சிலிண்டரையே பின் இருக்கைக்குக் கீழே படுக்க வைத்தார்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் வண்டியின் தரையிலேயே தங்கி நிற்கும். அந்தத் தரையில் கால் வைத்து உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் பள்ளிச் சீருடை அணிந்த பிள்ளைகள். மிச்சமான பணம் ஓட்டுநருக்கு. அதன் ஆபத்தைச் சுமந்தவை அந்த முடிவில் எந்தப் பங்கும் இல்லாத குழந்தைகள் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

ஆம்னி குறைந்துவிட்டது, பழக்கம் குறையவில்லை. சில காலம் முன்பு ஒரு காவல் நிலைய வளாகத்தில் நிறுத்தியிருந்த ஒரு காரைப் பார்வையிட்டேன். ஐந்து நட்சத்திரம் பெற்ற மாடல். வாங்கி அதிக நாள் ஆகியிருக்கவில்லை. மோதிய வேகத்துக்கு உள்கூடு நன்றாகவே தாங்கியிருந்தது. கதவுகள் கையால் திறந்தன. விபத்தில் பெல்ட் அணிந்திருந்தால் அது சொல்லிவிடும்: நாடா உராய்ந்த இடத்தில் சொரசொரப்பு ஏறியிருக்கும், வளையத்தில் பிளாஸ்டிக் தேய்ந்த கோடு தெரியும், இழுத்தால் நாடா திரும்பச் சுருளாமல் தொங்கும். இந்தக் காரில் முன்னால் இருந்த இரண்டு பெல்ட்டுகளும் தூணோடு ஒட்டி இறுகியிருந்தன; நாடா கடையில் வைத்த புதுத் துணி மாதிரி இருந்தது. பெல்ட்டின் நுனியைச் சொருகும் பக்கிளைக் குனிந்து பார்த்தேன். கார் நிறுவனத்தின் சின்னம் பொறித்த ஒரு சிறிய உலோகக் கிளிப் அதில் சொருகப்பட்டிருந்தது. பெல்ட் போடாதபோது வரும் சத்தத்தை நிறுத்துவதற்கென்றே விற்கப்படும் கிளிப் அது. உடன் வந்திருந்த உரிமையாளரின் அண்ணன், "சத்தம் போட்டுக்கிட்டே இருக்கும் சார். வண்டி எடுத்த அன்னைக்கே வெளியில ஒரு கடையில வாங்கிப் போட்டுட்டோம்" என்றார். அவருடைய தம்பி பிழைக்கவில்லை. அந்த நேரத்தில் அவரிடம் நான் என்ன சொல்ல முடியும்? அறிக்கையில் எழுத வேண்டியதை எழுதிக்கொண்டு வந்தேன்.

இந்தக் கிளிப்புகளை விற்கக் கூடாது என்று 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பெரிய இணைய விற்பனை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. சாலையோரக் கடைகளில் அவை இன்னும் கிடைக்கின்றன. ஏர்பேக் என்பது பெல்ட்டோடு சேர்ந்து வேலை செய்யும்படி வடிவமைக்கப்பட்டது; பெல்ட் இல்லாமல் முன்னால் பாயும் உடலை அது வெடித்து விரியும் வேகத்திலேயே தாக்கும். பின் இருக்கையின் கதை இதைவிட வருத்தமானது. சீட் கவர் தைக்கும்போதே பக்கிளை உள்ளே தள்ளி மூடிவிடுகிறார்கள். 2022 செப்டம்பரில் பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்த செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. விலையுயர்ந்த காரின் பின் இருக்கையில் அவர் பெல்ட் அணிந்திருக்கவில்லை. அந்தச் செய்தியைப் பேசியபடியே பெல்ட் போடாமல் சேலத்துக்குப் போனவர்களை நான் அறிவேன்.

அடுத்தது பிரேக். பாளையம் சுங்கச்சாவடியைத் தாண்டித் தொப்பூர் கணவாயில் இறங்குகிறவர்கள் லாரிகளைப் பார்த்து அஞ்சுகிறார்கள். அங்குள்ள கட்டமேட்டிலும் இரட்டைப் பாலத்திலும் நடந்த விபத்துகளை வைத்துப் பார்த்தால் அந்த அச்சம் நியாயமானதே. 2020 டிசம்பரில் ஒரு லாரி, முன்னால் தேங்கி நின்ற கார்களின் வரிசையில் புகுந்ததை நம் மாவட்டத்தார் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்த லாரிக்காவது எஃப்.சி. என்ற ஒன்று உண்டு. முதல் எட்டு ஆண்டுகளுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், பிறகு ஆண்டுதோறும் அது சோதனைக்குப் போயாக வேண்டும். அதன் பக்கத்தில் இறங்கும் ஓன் போர்டு காரின் பிரேக் ஆயிலைக் கடைசியாக யார், எப்போது மாற்றினார்கள் என்று கேட்டால், உரிமையாளருக்கே பதில் தெரியாது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறிய நிலையில் அது 155 டிகிரி வரை இறங்கிவிடும். ஏழு பேரும் மூட்டை முடிச்சும் ஏறிய காரை நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே இறக்கினால், அந்தச் சூட்டில் ஆயில் கொதித்துக் குமிழி உண்டாகி, பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும். வண்டி நின்று ஆறிய பிறகு பார்த்தால் பிரேக் நன்றாகவே பிடிக்கும். அதனால்தான் பலர் காரணம் தெரியாமலேயே தப்பித்ததற்குச் சாமிக்கு நன்றி சொல்லிவிட்டு மீண்டும் அதே வண்டியில் போகிறார்கள். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் எரிபொருள் மிச்சமாகும் என்ற நம்பிக்கையும் தவறு. இன்றைய எஞ்சின்கள், வண்டி கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டால் எரிபொருளையே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் அது கொஞ்சமாவது செலவாகும்.

டயரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மாற்ற வேண்டும் என்பதைக் காட்டும் சிறு மேடு டயரிலேயே இருக்கிறது. மொட்டை டயரோடு மேலுமலை மழையில் போகிறவர் அதைப் பார்த்ததில்லை. முன்னால் பூட்டும் புல் பார் கம்பிகளை அகற்ற வேண்டும் என்று மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியது. அந்தக் கம்பி மோதலின் விசையை நேரே சட்டகத்துக்குக் கடத்தி, ஏர்பேக் விரிய வேண்டிய நேரத்தையும் குழப்பிவிடும்.

சொந்தக் காரை நம் சட்டம் 15 ஆண்டுகள் வரை சோதிப்பதே இல்லை. புகைச் சான்று மட்டும், முதல் ஆண்டு கழிந்ததும் எடுக்க வேண்டும். 2017-இல் உச்ச நீதிமன்றம் அதைக் காப்பீட்டோடு இணைத்தும் உத்தரவிட்டிருந்தது; 2024-இல் அந்த நிபந்தனையைத் தளர்த்தியது. புகையைச் சோதிக்கும் நாடு பிரேக்கைச் சோதிக்காமல் விடுவது எனக்கு விளங்கவில்லை. பிரிட்டனில் மூன்றாம் ஆண்டு முடிந்ததிலிருந்து ஆண்டுதோறும் சோதனை உண்டு. ஜப்பானில் முதல் சோதனை மூன்றாம் ஆண்டில், அதன்பின் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை.

எஃப்.சி. என்றாலே புரோக்கர், லஞ்சம், ஒரு நாள் கூலி நஷ்டம் என்று நண்பர்கள் சொல்வது எனக்குப் புரிகிறது; நானும் அந்த வரிசைகளைப் பார்த்தவன்தான். அதனால் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு வண்டியைக் கொண்டுபோக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஐந்தாம் ஆண்டிலிருந்து காப்பீட்டைப் புதுப்பிக்கும்போது, தகுதி பெற்ற ஒரு பணிமனையில் பிரேக் ஆயிலின் ஈரம், டயரின் ஆழம், எல்லா இருக்கைகளின் பெல்ட்டும் பக்கிளும், கேஸ் இணைப்பு, ஏர்பேக் விளக்கு ஆகியவற்றை மட்டும் பார்த்துப் படத்தோடு பதிவேற்றச் செய்யலாம். காப்பீடு காலாவதியான வண்டியைப் புதுப்பிக்கும்போது என் போன்றவர்கள் வந்து படம் எடுக்கும் நடைமுறை ஏற்கெனவே இருக்கிறது. அதை விரிவாக்கினால் போதும். அரை மணி நேர வேலை. சட்டம் மாற வேண்டியது தில்லியில் என்பதால், மாவட்ட அளவில் இப்போதே செய்யக்கூடிய இரண்டை மட்டும் தனியே எழுதி, ஆட்சியர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு மனுவாகக் கொடுக்கவிருக்கிறேன். ஆக்சஸரீஸ் கடைகளில் கிளிப் விற்பனையை நிறுத்துவது முதலாவது. பாளையம் சுங்கச்சாவடி அருகே வார இறுதிகளில் கார்களுக்கு இலவசமாக பிரேக் ஆயில் சோதனை நடத்துவது இரண்டாவது. அதற்கான கருவி ஒரு பேனா அளவுதான் இருக்கும், நுனியை ஆயிலில் வைத்தவுடன் ஈரத்தைக் காட்டிவிடும். இரு மாவட்டத்து மெக்கானிக் நண்பர்களும் டிராவல்ஸ் ஓட்டுநர்களும் விடுபட்டவற்றைச் சொன்னால், கொடுப்பதற்கு முன் மனுவில் சேர்த்துக்கொள்கிறேன்.