அது சண்டை அல்ல, பிரிக்காதீர்கள்

பெரிய பம்பிள் தேனீயின் (உடலெங்கும் ரோமம் அடர்ந்த பருத்த தேனீ வகை) முதுகில் சிறியது ஒன்று ஒட்டியிருக்கும் வீடியோ பரவுகிறது. ‘சிறியது பெரியதைக் கொல்கிறது, குச்சியால் பிரித்துவிடுங்கள்’ என்கிறது அதோடு வரும் செய்தி. அது தவறு.

நடப்பது இனச்சேர்க்கை. பெரியது புது ராணி, சிறியது ஆண். ஆணுக்குக் கொடுக்கே கிடையாது. அரை மணி நேரத்துக்கு மேலும் அவை ஒட்டியே இருக்கலாம். அப்புறம் ராணி மண்ணுக்குள் புகுந்து மாதக்கணக்கில் உறங்கும். குளிர் நாடுகளில் ஆண்கள், வேலைக்காரத் தேனீக்கள், பழைய ராணி எல்லாமே குளிர்காலத்துக்குள் இறந்துவிடும். உடலில் சேமித்த விந்தணுவோடு வசந்தத்தில் எழுந்து, புது ராணி தனியாகவே கூட்டைத் தொடங்கும். குச்சியால் குத்தினால் அடுத்த ஆண்டின் ஒரு கூடே இல்லாமல் போகலாம்.

பம்பிள் தேனீக்களைப் பாதுகாக்கும் பிரிட்டன் அமைப்பான பம்பிள்பீ கன்சர்வேஷன் டிரஸ்டின் இணையதளத்தில் இந்த வாழ்க்கைச் சுழற்சியைப் பார்க்கலாம். அந்த வீடியோவை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.